யூரோலீக் பார்க்கத் தொடங்குவது எப்படி: நள்ளிரவு அலாரம் முதல் ஃபைனல் ஃபோர் வரை

2023 மே மாதம், லித்துவேனியாவின் கௌனாஸ் நகரம். ஐரோப்பிய கிளப் கூடைப்பந்தின் உச்சப் போட்டியான யூரோலீக்கின் இறுதிப்போட்டி முடிய இன்னும் சில விநாடிகள்தான். ஒலிம்பியாக்கோஸ் 78, ரியல் மாட்ரிட் 77. பந்து செர்ஹியோ யூல் கையில். அவருக்கு வயது 35, அன்று அதுவரை ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. எதிரே 2.18 மீட்டர் உயரத்தில் முஸ்தஃபா ஃபால் கையைத் தூக்கி நிற்கிறார். அந்தக் கைக்கு மேலே பந்தை வளைத்து யூல் போட்டது உள்ளே போனது. 79-78, கையில் மூன்றே விநாடி. பதிலுக்கு ஒலிம்பியாக்கோஸின் கோஸ்தாஸ் ஸ்லூக்காஸ் எறிந்த கடைசிப் பந்து உள்ளே போகவில்லை. ரியல் மாட்ரிட் சாம்பியன்.

ஸ்லூக்காஸ் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அவர் வந்துகொண்டே இருப்பார்.

ஐரோப்பிய கிளப் கூடைப்பந்தை எங்கிருந்து தொடங்குவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் சிமெண்ட் தரையில் ஆடியவர்கள், அல்லது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஹைலைட்ஸ் பார்ப்பவர்கள். சிலருக்கு லூக்கா டோன்சிச் வழியாக ஆர்வம் வந்திருக்கும். அமெரிக்காவுக்குப் போகும் முன்பே, 19 வயதில், ரியல் மாட்ரிட்டுக்காக 2018 யூரோலீக் கோப்பையை வென்று, அந்த சீசனின் சிறந்த வீரர் விருதையும், ஃபைனல் ஃபோர் என்ற கடைசி நான்கு அணிகளின் சுற்றுக்கான சிறந்த வீரர் விருதையும் சேர்த்து வாங்கியவர் அவர். அதனால் இந்த லீக்கை என்பிஏவுக்கு வழிப்படியாக மட்டும் நினைத்துவிடுகிறார்கள். ஒரு சீசன் உட்கார்ந்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

முதல் படி: பழைய சீசன் ஒன்றில் கையைப் பழக்குங்கள்

நடந்துகொண்டிருக்கும் சீசனின் நடுவில் குதித்தால் ஒன்றும் பிடிபடாது. 20 அணிகள், வாயில் நுழையாத பெயர்கள், சில வாரங்களில் இரண்டு மேட்ச். ஆகவே முடிந்துபோன ஒரு சீசனை எடுத்துக்கொண்டு, அதன் புள்ளிப் பட்டியலையும் கடைசி வாரங்களையும் நிதானமாகப் படித்துவிட்டு வருவது நல்லது. என் பரிந்துரை 2023-24. காரணம், இந்த லீக்கின் எல்லாக் குணங்களும் அந்த ஒரே சீசனில் கிடைக்கும். முந்தைய ஆண்டு 18 அணிகளில் 17ஆவதாக முடித்த ஏதென்ஸின் பனாதினைக்கோஸ், அந்த ஆண்டு கோப்பையைத் தூக்கியது. ப்ளே-இன் என்ற புதிய சுற்று (7 முதல் 10ஆம் இடம் வரை வந்த அணிகள் ப்ளேஆஃபில் நுழைய மோதுவது) முதன்முறையாக நடந்ததும் அப்போதுதான்.

அடிப்படைக் கணக்கு இது. அந்த சீசனில் 18 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற 17 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என மொத்தம் 34 மேட்ச். 2025-26 முதல் 20 அணிகள், 38 சுற்றுகள் என்று ஆக்கிவிட்டார்கள். சட்டகம் மாறவில்லை: செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபரில் தொடக்கம், ஏப்ரலில் லீக் சுற்று முடிவு, பிறகு ப்ளே-இன், ப்ளேஆஃப், மே மாதக் கடைசியில் ஃபைனல் ஃபோர்.

கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாம்பியன்ஸ் லீக்கில் நுழைய உள்நாட்டு லீக்கில் நல்ல இடம் பிடிக்க வேண்டும். யூரோலீக்கில் பெரும்பாலான இடங்கள் நீண்டகால உரிமம் வைத்திருக்கும் கிளப்புகளுக்கு உரியவை. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, ஒலிம்பியாக்கோஸ், பனாதினைக்கோஸ், ஃபெனர்பாச்சே, அனடோலு எஃபெஸ், மக்காபி, மிலான், பாஸ்கோனியா, ஜல்கிரிஸ் போன்றவை எத்தனை மோசமாக ஆடினாலும் அடுத்த ஆண்டும் இருக்கும். மீதி இடங்கள், இரண்டாம் நிலைப் போட்டியான யூரோகப்பை வெல்பவர்களுக்கும் சிறப்பு அழைப்பு பெறுபவர்களுக்கும் போகும். 17ஆம் இடத்தில் முடித்த பனாதினைக்கோஸ் கீழ் லீக்குக்குத் தள்ளப்படாமல் இருந்தது இப்படித்தான். இது நியாயமா என்றால், எனக்கு முழுச் சம்மதமில்லை. விளையாட்டில் தோற்றவன் இறங்கத்தான் வேண்டும் என்று நினைக்கும் ஆள் நான். ஆனால் லீக் இதன்மேல்தான் நிற்கிறது.

என்பிஏ பழக்கத்தைச் செருப்போடு வாசலில் விடுங்கள்

விதிகளில் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். விளைவு பெரிது.

ஆட்டம் நான்கு முறை பத்து நிமிடம், மொத்தம் 40 நிமிடம், என்பிஏவில் 48. ஐந்து ஃபவுல் செய்தால் வீரர் வெளியே, அங்கே ஆறு. மூன்று பாயிண்ட் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர், கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. வளையத்தில் பட்டு உருண்டுகொண்டிருக்கும் பந்தைத் தடுப்பவர் தட்டிவிடலாம். முதன்முறை பார்க்கும்போது 'இது கோல்டெண்டிங் (உள்ளே விழப்போகும் பந்தைத் தட்டிவிடும் தவறு) இல்லையா?' என்று கத்தத் தோன்றும். இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தடுக்கும் அணி வீரருக்கு மூன்று விநாடி விதி கிடையாது. என்பிஏவில் ஆளை மார்க் பண்ணாமல் ஒரு உயரமானவர் வளையத்துக்கடியில் சும்மா நிற்க முடியாது. இங்கே நிற்கலாம். ரியல் மாட்ரிட்டின் வால்டர் டவாரெஸ் அதைத்தான் செய்கிறார். கேப் வெர்டே நாட்டுக்காரர், உயரம் 2.20 மீட்டர். கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்பதுபோல நிற்பார். பந்தோடு உள்ளே ஓடிவரும் கார்டு (ஆட்டத்தை நடத்தும் வீரர்) அவரைப் பார்த்ததும் பந்தைத் தூக்கலாமா, திரும்பிப் போகலாமா என்று அரை விநாடி யோசிப்பான். அந்த அரை விநாடியில் இடம் அடைந்துவிடும். இதனால்தான் ஐரோப்பாவில் ஒரே ஆள் பந்தைத் தட்டித் தட்டி உள்ளே புகுந்து முடிப்பது அரிது. பந்து கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்கோரும் அதற்கேற்றாற்போல. இரண்டு அணிகளும் 80ஐ ஒட்டி எடுப்பதுதான் வழக்கம். ஒருவர் தனியாக 30 பாயிண்ட் எடுத்தால் அடுத்த நாள் அதுதான் பேச்சு. 2024 மார்ச் 29 அன்று ஃபெனர்பாச்சேயின் நைஜல் ஹேய்ஸ்-டேவிஸ் ஆல்பா பெர்லினுக்கு எதிராக 50 எடுத்தார். 2000இல் தொடங்கிய இந்த லீக்கின் இன்றைய வடிவத்தில் அதற்கு முன் யாரும் 50ஐத் தொட்டதில்லை. எஃபெஸ் வீரர் ஷேன் லார்கினின் 49தான் உச்சமாக இருந்தது. என்பிஏவில் 50 என்பது ஒரு வாரச் செய்தி. இங்கே அது கல்வெட்டு.

கடிகாரத்தோடு ஒரு ஒப்பந்தம்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து பார்ப்பவர்களுக்கு இதுதான் உண்மையான தடை. குளிர்காலத்தில் மத்திய ஐரோப்பா நம்மைவிட நாலரை மணிநேரம் பின்னால். மாட்ரிட்டில் இரவு 8.45க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.15. ஏதென்ஸில் 9.15க்குத் தொடங்கினால் 12.45. ஆனால் இஸ்தான்புல்லில் 8.45 என்றால் நமக்கு 11.15தான், கௌனாஸில் 8 மணி என்றால் 11.30. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் முதல் மாதம் இஸ்தான்புல், கௌனாஸ் மேட்சுகளோடு தொடங்கினால் உடம்புக்கு நல்லது, வீட்டில் பேச்சு வாங்காமலும் இருக்கலாம்.

தேதியிலும் ஒரு கண் வையுங்கள். அட்டவணையில் 'வியாழன்' என்று இருக்கும் மேட்ச் நள்ளிரவைத் தாண்டினால் நம் கணக்கில் வெள்ளிக்கிழமை அதிகாலை. வியாழன் அதிகாலை ஒரு மணிக்கு எழுந்து டிவி முன் உட்கார்ந்தால் காலிதான்.

இன்னொன்று நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றுவார்கள். துருக்கியில் மாற்றுவதில்லை. மார்ச் மாற்றத்துக்குப் பிறகு மாட்ரிட் மேட்ச் 1.15க்குப் பதில் 12.15க்கே ஆரம்பித்துவிடும். ஒரு வருடம் அதை மறந்து, பழைய அலாரத்தை நம்பித் தூங்கி, சுடச்சுட டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். திரையில் மூன்றாவது குவார்ட்டர். லீக் சுற்றின் கடைசி வாரங்கள் வேறு. டீயைக் குடித்தேன், வேறென்ன செய்வது!

எங்கே பார்ப்பது என்றால், லீக்கே நடத்தும் ஸ்ட்ரீமிங் சேவை ஒன்று இருக்கிறது. நாட்டுக்கு நாடு உரிமை மாறும் என்பதால் பணம் கட்டுமுன் உங்கள் ஊரில் என்னென்ன மேட்ச் கிடைக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் விழிக்க முடியாதவர்கள் காலையில் முழு மேட்சின் மறு ஒளிபரப்பைப் பார்க்கலாம். ஸ்கோர் நோட்டிஃபிகேஷனை முந்தின இரவே அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு அணியைப் பிடியுங்கள்

எல்லா மேட்சும் பார்ப்பேன் என்று இறங்கினால் நவம்பரிலேயே களைத்துப் போவீர்கள். ஒரு அணியை எடுத்து, அதன் மேட்சுகளை மட்டும் பத்து வாரம் பாருங்கள். எதிரணிகள் தாமாகவே அறிமுகமாகும். சின்ன வயதில் ஒரே தெருக்காரனோடு சேர்ந்து ஊர் முழுவதும் தெரிந்துகொள்வதில்லையா, அதுபோல.

எந்த அணி என்பதற்கு என்னிடம் பொதுவான பதில் இல்லை. ஆள் எப்படி என்பதைப் பொறுத்துச் சொல்வேன். ஜெயிக்கிற பக்கம் இருக்கப் பிடித்தவருக்கு ரியல் மாட்ரிட்: 11 பட்டங்கள், யாருக்கும் அத்தனை இல்லை. சத்தம் பிடித்தவருக்கு ஏதென்ஸ் அல்லது பெல்கிரேட். பச்சை நிற பனாதினைக்கோஸுக்கும் பிரேயஸ் துறைமுகப் பக்கத்து சிவப்பு ஒலிம்பியாக்கோஸுக்கும் நடப்பது வெறும் விளையாட்டுப் போட்டி இல்லை. பெல்கிரேடில் பார்ட்டிசானும் க்ர்வேனா ஸ்வெஸ்டாவும் அப்படித்தான். பணக்கார அணிகளுக்கு நடுவே சின்ன நாடு ஒன்று நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கப் பிடித்தால் ஜல்கிரிஸ். லித்துவேனியாவில் கூடைப்பந்தை இரண்டாவது மதம் என்பார்கள். மேட்ச் நாளில் கௌனாஸ் அரங்கத்தைப் பார்த்தால் முதலாவது எது என்று சந்தேகம் வரும்.

பாரிஸில் இருப்பவர்களுக்குத் தேர்வு சுலபம். பாரிஸ் பாஸ்கெட்பால் 2024இல் யூரோகப் வென்று யூரோலீக்குக்குள் வந்தது. அதன் சொந்த அரங்கம் போர்ட் த லா ஷப்பல் பகுதியில் இருக்கும் அடிடாஸ் அரீனா. 2024 ஒலிம்பிக்கில் பி. வி. சிந்து பேட்மிண்டன் ஆடிய அதே அரங்கம். நம் கடைகள் இருக்கும் லாசப்பலில் சாமான் வாங்கிவிட்டு மேட்சுக்குப் போய்விடலாம். ஒரே சிக்கல், பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று மெட்ரோவில் ஏமாற வேண்டாம். கடைகள் இருக்கும் லா ஷப்பல் நிலையம் இரண்டாம் லைனில், அரங்கம் இருப்பது பன்னிரண்டாம் லைனின் போர்ட் த லா ஷப்பல்.

மக்காபி டெல் அவிவ் பற்றி ஒரு குறிப்பு. 2023-24 மேட்சுகளைத் தேடும்போது அவர்களின் 'சொந்த ஊர்' ஆட்டம் பெல்கிரேடில் நடப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2023 அக்டோபரில் போர் தொடங்கியதும் இஸ்ரேல் அணிகளின் சொந்த மண் ஆட்டங்களை வெளிநாட்டுக்கு மாற்றினார்கள். அதுபோலவே 2022 முதல் ரஷ்ய அணிகள் லீக்கில் இல்லை. எட்டு முறை சாம்பியனான சிஎஸ்கேஏ மாஸ்கோ பழைய வரலாற்றில் மட்டும் கண்ணில் படும்.

பட்டியலைப் படிப்பது: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

2023-24 லீக் சுற்று முடிந்தபோது மேலிருந்து பத்து இடங்கள் இப்படி இருந்தன. ரியல் மாட்ரிட் 27 வெற்றி, 7 தோல்வி. அடுத்து பனாதினைக்கோஸ் 23-11, மொனாக்கோ 23-11. பார்சிலோனா 22-12, ஒலிம்பியாக்கோஸ் 22-12. ஃபெனர்பாச்சே 20-14, மக்காபி 20-14. பாஸ்கோனியா 18-16. எஃபெஸ் 17-17, விர்டுஸ் போலோன்யா 17-17.

திரும்ப ஒருமுறை பாருங்கள். பத்தில் நான்கு ஜோடிகள் சமம். 34 மேட்ச் ஆடியும் இரண்டு பேரைப் பிரிக்க முடியவில்லை. அப்போது யார் மேலே? மொத்த பாயிண்ட் வித்தியாசத்தை முதலில் பார்ப்பதில்லை. அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரண்டு மேட்சில் யார் அதிகம் வென்றார் என்று பார்ப்பார்கள். ஆளுக்கு ஒன்று என்றால், அந்த இரண்டு மேட்சையும் கூட்டி யாருக்கு பாயிண்ட் அதிகம் என்று பார்ப்பார்கள்.

நவம்பரில் நீங்கள் சொந்த ஊரில் 9 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் அதே அணியின் ஊருக்குப் போகிறீர்கள். தோற்றாலும் 8க்குள் தோற்றால் சமநிலை வரும்போது நீங்கள்தான் மேலே. இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்ப்பவருக்குக் கடைசி நிமிடம் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். 7 பாயிண்ட் முன்னால் இருக்கும் அணி, ஜெயித்தது உறுதியான பிறகும், மூன்று பாயிண்ட் ஷாட்டுக்காக டைம்-அவுட் எடுத்து பிளான் போடும். தோற்கும் அணி கடைசி விநாடியில் ஒரு ஃப்ரீ த்ரோவைப் போட்டுவிட்டு கைதட்டிக்கொள்ளும். கமென்ட்ரி சொல்பவர் 'முதல் மேட்சில் வித்தியாசம் எவ்வளவு?' என்று தேடிக்கொண்டிருப்பார். நீங்களும் உங்கள் அணியின் பெயருக்கு எதிரே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: யாரோடு, எங்கே, எத்தனை பாயிண்டில். 20 அணி லீக்கில் பத்தொன்பது எதிரணிதான். மார்ச் மாதத்தில் அந்தப் பக்கம் தங்கமாக இருக்கும்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அந்த ஆண்டின் ஆறாம், ஏழாம் இடங்களே சாட்சி. ஃபெனர்பாச்சேயும் மக்காபியும் ஒரே கணக்கு. ஆறாவதாக வந்த ஃபெனர்பாச்சே நேரடியாக ப்ளேஆஃப்; ஏழாவதாக வந்த மக்காபி ப்ளே-இன் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும்.

மேட்ச் ஓடும்போது கண் எங்கே இருக்க வேண்டும்

பந்தையே பார்க்காதீர்கள். முதல் குவார்ட்டர் முழுவதும் பிக் அண்ட் ரோல் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உயரமான வீரர் வந்து கார்டைத் தடுப்பவரின் வழியில் தூண்போல நிற்பார். கார்டு அவரை உரசிக்கொண்டு ஓடுவார். உயரமானவர் திரும்பி வளையத்தை நோக்கி உருள்வார். இவ்வளவுதான். ஆனால் எதிரணியின் உயரமானவர் அப்போது என்ன செய்கிறார் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. டவாரெஸ் மாதிரி பின்வாங்கி வளையத்தைக் காக்கிறாரா? மேலே ஏறிவந்து கார்டை மறிக்கிறாரா? ஆளை மாற்றிக்கொள்கிறார்களா?

ஸ்லூக்காஸை இதற்காகவே பாருங்கள். இடது கைக்காரர், வேகமானவர் இல்லை, உயரத் தாவுபவரும் இல்லை. தூணைத் தாண்டியதும் நின்றுவிடுவார். பின்னால் துரத்தி வருபவனை முதுகிலேயே தாங்கிக்கொண்டு, எதிரே இருக்கும் உயரமானவர் ஒரு அடி முன்னே வைக்கிறாரா என்று காத்திருப்பார். வைத்தால் பந்து அவருடைய உயரமான கூட்டாளி மத்தியாஸ் லெசோரிடம் மேலே போகும். வைக்காவிட்டால் அவரே எறிவார். நம் ஊர்க் கேரம் போர்டில் பழம் தின்று கொட்டை போட்ட பெரியவர் ஒருவர் நிதானமாக ஸ்ட்ரைக்கரை நகர்த்துவதுபோல இருக்கும்.

டைம்-அவுட்டில் எழுந்து போகாதீர்கள். யூரோலீக்கில் கேமராவும் மைக்கும் கோச்சின் வட்டத்துக்குள்ளேயே போகும். அணியில் பல நாட்டு வீரர்கள் என்பதால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேச்சு. ஐந்து கிளப்புகளோடு ஒன்பது முறை இந்தக் கோப்பையை வென்ற ஜெல்கோ ஒப்ரடோவிச் முகம் செக்கச் சிவந்து கத்தும் பழைய காட்சிகளைத் தேடிப் பாருங்கள். கத்துவதற்கு நடுவில், யார் எந்த நொடியில் எங்கே நிற்கவில்லை என்று மிகத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஃபவுல் கணக்கையும் பாருங்கள். ஒரு குவார்ட்டரில் ஓர் அணியின் ஐந்தாவது ஃபவுல் முதல் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நல்ல கோச், அதற்கு முன் கையில் இருக்கும் ஃபவுலை வீணாக்காமல், எதிரணி வேகமாகத் திரும்பி ஓடும்போது செலவழிப்பார்.

பாக்ஸ் ஸ்கோர்: பிஐஆர் என்ற எண்

மேட்ச் முடிந்ததும் புள்ளிவிவரத்தின் கடைசிக் கட்டத்தில் பிஐஆர் என்று ஓர் எண் இருக்கும். ஸ்பெயின் லீக்கிலிருந்து வந்த பழக்கம். நல்லதையெல்லாம் கூட்டி, கெட்டதையெல்லாம் கழிப்பது. ஒருவர் 12 பாயிண்ட், 5 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 6 அசிஸ்ட் (பாயிண்டாக மாறும் பாஸ்) எடுத்து, 4 ஃபவுல் வாங்கிக் கொடுத்தார் என்றால் 27. அவர் 5 ஷாட் தவறவிட்டு, 3 முறை பந்தைப் பறிகொடுத்து, 2 ஃபவுல் செய்தால் 10 கழியும். பிஐஆர் 17. நல்ல ஆட்டம்.

இதில் எனக்குப் பிடித்தது, எதிராளியை ஃபவுல் செய்ய வைத்தாலே மதிப்பெண் உண்டு என்பது. பிடிக்காதது, தடுப்பாட்டத்தை இது ஏறக்குறைய கண்டுகொள்ளாது என்பது. எதிரணியின் நட்சத்திரத்தை நிழல்போல ஒட்டி அவரை 4 பாயிண்டில் நிறுத்தியவருக்கு பிஐஆர் 2 என்று இருக்கும். எண்ணைப் பாருங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பிஐஆர் பழகிய பிறகு மைக் ஜேம்ஸ் போன்றவரைப் பற்றி நண்பர்களோடு சண்டை போடலாம். 2023-24 லீக் சுற்றின் சிறந்த வீரர் விருது மொனாக்கோவின் அவருக்குத்தான் கிடைத்தது.

ஏப்ரல்: இதுவரை தூங்கியிருந்தாலும் இனி விழித்திருங்கள்

ப்ளே-இன் எளிது. ஏழாவது அணி எட்டாவதோடு மோதும். ஜெயித்தவர் ஏழாம் இடத்தோடு உள்ளே. ஒன்பதாவது, பத்தாவது மோதும், தோற்றவர் வீட்டுக்கு. பிறகு முதல் மேட்சில் தோற்றவரும் இரண்டாவதில் ஜெயித்தவரும் மோதி, எட்டாம் இடத்தை முடிவு செய்வார்கள். 2024இல் மக்காபி, பாஸ்கோனியாவை 113-85 என்று நொறுக்கி உள்ளே போனது. விர்டுஸ் எஃபெஸை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்து பாஸ்கோனியா விர்டுஸை அனுப்பியது. கஷ்டப்பட்டு உள்ளே வந்த பாஸ்கோனியாவுக்கு எதிரே ரியல் மாட்ரிட். 3-0, கதை முடிந்தது.

ப்ளேஆஃப் ஐந்து மேட்ச் தொடர், மூன்று வென்றால் போதும். மேலிடத்தில் இருப்பவருக்கு முதல், இரண்டாம், ஐந்தாம் மேட்ச் சொந்த ஊரில். அந்த ஐந்தாம் மேட்சுக்காகத்தான் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு பாயிண்டுக்கும் அடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் 2024இல் ரியல் மாட்ரிட்டின் தொடரைத் தவிர மற்ற மூன்றும் ஐந்தாம் மேட்ச் வரை போயின. அவற்றில் இரண்டில் வெளியூர்க்காரர்கள் ஜெயித்தார்கள். ஒலிம்பியாக்கோஸ் பார்சிலோனாவிலேயே பார்சிலோனாவை வீழ்த்தியது. ஃபெனர்பாச்சே மொனாக்கோவிலேயே மொனாக்கோவை வீழ்த்தியது. ஃபெனர்பாச்சேயின் கோச் ஷாருனாஸ் யசிகேவிச்சியுஸ் சீசன் நடுவில், டிசம்பரில்தான் பொறுப்பேற்றிருந்தார். அடுத்த ஆண்டே அதே அணிக்கு அவர் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார்: 2025 மே மாதம், அபுதாபியில், அதே மொனாக்கோவை 81-70 என்று வென்று. மூன்றாவது தொடரில் மட்டும்தான் சொந்த ஊர் காப்பாற்றியது. பனாதினைக்கோஸ், ஏதென்ஸில் மக்காபியை வென்று மூச்சு வாங்கியது.

2023இன் ரியல் மாட்ரிட்–பார்ட்டிசான் தொடரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சொந்த ஊரில் முதல் இரண்டையும் தோற்று, இரண்டாவதில் கைகலப்பும் நடந்து, பிறகு மூன்றையும் தொடர்ந்து வென்றது மாட்ரிட். 0-2 என்ற நிலையிலிருந்து அதற்கு முன் யாரும் திரும்பி வந்ததில்லை. யூலின் அந்த ஷாட் இப்படி வந்த அணியின் ஷாட்.

ஃபைனல் ஃபோர்: எட்டு மாதம், இரண்டு மேட்ச்

நான்கு அணிகள், ஒரே நகரம், ஒரு வாரக்கடைசி. வெள்ளி அரையிறுதி, ஞாயிறு இறுதி. தொடர் கிடையாது, ஒரு மேட்ச் தோற்றால் போயிற்று. 27 வெற்றி எடுத்தவனும் 20 வெற்றி எடுத்தவனும் இங்கே ஒன்று. இது சரியான முறை இல்லை என்று வாதிடுபவர்கள் நிறைய. எட்டு மாத உழைப்பை நாற்பது நிமிடத்தில் எடை போடுவதா என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இந்தக் கொடுமைதான் பிடிக்கும்.

2024 மே, பெர்லின். அரையிறுதியில் பனாதினைக்கோஸ் ஃபெனர்பாச்சேயை 73-57 என்று வென்றது; ரியல் மாட்ரிட் ஒலிம்பியாக்கோஸை 87-76. இறுதிப்போட்டியை முழுதாகப் பாருங்கள். நேரமில்லை என்றால் முதல் குவார்ட்டரையும் மூன்றாம் குவார்ட்டரையும் மட்டுமாவது.

முதல் பத்து நிமிடத்தில் மாட்ரிட் 36 பாயிண்ட் குவித்தது. எதிரணி 25. போட்டதெல்லாம் விழுந்தது. அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் இருக்கிறார்கள்; பெயர் சொல்ல மாட்டேன், நண்பர் கோபித்துக்கொள்வார். இடைவேளையில் 54-49, இன்னமும் மாட்ரிட்தான். பிறகு மூன்றாம் குவார்ட்டர். அதே மாட்ரிட், அதே வீரர்கள், பத்து நிமிடத்தில் வெறும் 7 பாயிண்ட். எடுத்து ஓட்டிப் பாருங்கள்: பனாதினைக்கோஸும் அப்படி ஒன்றும் அள்ளிவிடவில்லை, 15தான். ஆனால் 49-54 என்பது 64-61 ஆகிவிட்டது. நான்காவதில் 31-19. முடிவில் 95-80.

24 பாயிண்ட் எடுத்து ஃபைனல் ஃபோரின் சிறந்த வீரராக நின்றவர் ஸ்லூக்காஸ். கௌனாஸில் கடைசிப் பந்தைத் தவறவிட்ட சில வாரங்களிலேயே ஒலிம்பியாக்கோஸை விட்டு, ஜென்மப் பகையான பனாதினைக்கோஸுக்கு மாறியவர். ஏதென்ஸில் அது சாதாரண இடமாற்றம் இல்லை. ஒரு பாதி ஊர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவரோடு வந்த கோச் எர்கின் அடமான், எஃபெஸோடு 2021, 2022 கோப்பைகளை வென்றவர். 17ஆம் இடத்து அணியை எடுத்து முதல் ஆண்டிலேயே கிளப்பின் ஏழாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

மேக்குப் பிறகு

கோப்பை கொடுத்ததும் சீசன் முடியாது. யூரோலீக் வாரநாட்களில் நடக்க, இந்த அணிகள் எல்லாம் வார இறுதிகளில் தம் நாட்டு லீக்கும் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பெயின், கிரீஸ், துருக்கி, இத்தாலி லீக்குகளின் இறுதித் தொடர்கள் ஜூனில் வரும். 2024 ஜூனில் கிரேக்க இறுதியில் பனாதினைக்கோஸ் ஒலிம்பியாக்கோஸிடம் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று வென்றது. பெர்லினில் கோப்பை வாங்கிய கையோடு இதையும் ஆட வேண்டியிருந்தது. பிப்ரவரியில் ஸ்பெயினின் கோபா டெல் ரே வரும்; எட்டு அணிகள், நான்கே நாள், வேகமான நாக்-அவுட். அதையும் ஒரு வருடம் பார்த்துவிடுங்கள்.

கோடையில் யார் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். என்பிஏ மாதிரி வீரரை வீரருக்கு மாற்றும் வழக்கம் இங்கே இல்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போவார்கள். ஆகஸ்டுக்குள் உங்கள் அணியில் பாதி முகம் மாறியிருக்கும். புது அட்டவணை வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் அணியின் வெளியூர் மேட்சுகளில் இஸ்தான்புல்லும் கௌனாஸும் எந்தத் தேதி என்று குறித்துக்கொள்வது. இரண்டாவது, மார்ச் கடைசி ஞாயிற்றுக்கு ஒரு நினைவூட்டல் போட்டு வைப்பது.